இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்கவில்லை. மாதச் செலவை எப்படிப் பிடித்து நிறுத்துகிறீர்கள்?

ஜெய்ஹிந்துபுரம் தையல் | ஆகஸ்ட் 31, 2025, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மதுரை ஜெய்ஹிந்துபுரம். வீட்டுக்காரருக்கு கப்பலூர்ல ஒரு கம்பெனியில வேலை, பிடித்தம் போக 23,500 கைக்கு வருது. நான் வீட்டிலேயே தைக்கிறேன், மாசம் 7,000 வரும். ஆக 30,500. பொண்ணு எட்டாவது, பையன் நாலாவது.

மூணு மாசமா நோட்டு போட்டு எழுதுறேன். வாடகை 7,500, ஸ்கூல் வேன் 1,800, பால் 1,800, சிலிண்டர் 900, மளிகை 5,500, காய்கறி 3,000, கறி மீன் 1,600, பைக் தவணை 2,650, பெட்ரோல் 2,000, போன் கேபிள் 900, கரண்டுக்கு மாசம் 1,000 எடுத்து வைக்கிறேன். கூட்டினா 28,650. கணக்குப்படி 1,850 மிச்சம் இருக்கணும். ஆனா இருபதாம் தேதி வந்தா பர்ஸ் காலி. மாசாமாசம் நாலாயிரம் ஐயாயிரம் கைமாத்து வாங்குறோம். அடுத்த மாசச் சம்பளத்துல அதை அடைச்சதும் மறுபடி துண்டு விழுது.

எதைக் குறைக்கிறதுன்னு தெரியலை. பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்க மனசில்லை. உங்க வீட்டுல என்ன செய்றீங்க?

ஒத்தக்கடை தம்பி | ஆகஸ்ட் 31, இரவு 10:40

அக்கா, முதல்ல போன்ல காசு அனுப்புறதை நிறுத்துங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். டீக்கு 15, ரீசார்ஜுக்கு 30, பஜ்ஜிக்கு 40ன்னு ஸ்கேன் பண்ணிட்டே போவேன். ஒரு மாசம் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, நூறு ரூபாய்க்குக் கீழ போனதை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 3,400 வந்துச்சு. இப்போ தனியா ஒரு அக்கவுண்ட் வச்சிருக்கேன். சனிக்கிழமை காலையில அதுல 700 ரூபாய் போடுவேன். போன் செயலி அந்த அக்கவுண்ட்டோட மட்டும்தான் சேர்ந்திருக்கு. தீர்ந்துபோச்சுன்னா அடுத்த சனி வரைக்கும் இல்லை.

புதூர் ஓய்வூதியர் | செப்டம்பர் 1, காலை 6:15

தங்கச்சி, நான் கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கணக்கு எழுதியவன். உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் வீண் செலவு என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. தம்பி சொன்ன சில்லறைச் செலவு உங்கள் வீட்டிலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மாதம் ஐயாயிரம் அப்படிப் போகாது.

பட்டியலில் என்ன இல்லை என்று பாருங்கள். பள்ளிக் கட்டணம் இல்லை. தீபாவளி இல்லை, பைக் இன்சூரன்ஸ் இல்லை, டாக்டர் செலவு இல்லை. கல்யாணம் காதுகுத்துக்குச் செய்த செய்முறை (மொய், சீர்) ஒன்றுகூட இல்லை. நீங்கள் எழுதியது மாதாமாதம் வருகிற செலவு மட்டும். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வருவதெல்லாம் எங்கே?

கடந்த 12 மாதத்தில் இப்படிப் போனதை எல்லாம் நினைவுபடுத்தி எழுதுங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருவருக்கு மறந்தது மற்றவருக்கு ஞாபகம் வரும்.

ஜெய்ஹிந்துபுரம் தையல் | செப்டம்பர் 1, இரவு 9:30

உட்கார்ந்து எழுதினோம் ஐயா. ரெண்டு மணி நேரம் ஆச்சு.

ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஜூன்ல பீஸ், நோட்டு, யூனிபார்ம் 18,000. தீபாவளி 8,000. மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிடப் போக வர, தலைக்கட்டு வரியோட (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கோயிலுக்குக் கட்டுறது) 3,000. பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ் 3,500. ஆஸ்பத்திரி, மருந்து 4,000.

செய்முறைதான் எங்களுக்கே அதிர்ச்சியா இருந்துச்சு. 500 ரூபாய் செஞ்சது 11 வீடு, 1,000 செஞ்சது 4 வீடு. நாத்தனார் பொண்ணு சடங்குக்கு என் வீட்டுக்காரர் தாய்மாமன், அந்தச் சீர் மட்டும் 15,000. ஆக 24,500.

எல்லாம் சேர்ந்து 61,000.

புதூர் ஓய்வூதியர் | செப்டம்பர் 2, காலை 5:50

61,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 5,083. நீங்கள் மாதாமாதம் வாங்கும் கைமாத்து எவ்வளவு என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். மாதத்தில் எழுதாமல் விட்டதுதான் இருபதாம் தேதி வந்து கேட்கிறது.

ஆகவே பட்டியலில் இன்னொரு வரி சேருங்கள்: "வருடச் செலவு". வாடகையைப் போல அதையும் ஒன்றாம் தேதியே எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மாதம் 5,083 வேண்டும், கையில் மிஞ்சுவது 1,850. குறைவது 3,233. இந்த 3,233-ஐ எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி. "எதைக் குறைக்கிறதுன்னு தெரியலை" என்று மலைத்து நிற்பதைவிட இந்த ஒரு எண்ணைத் தேடுவது எளிது.

இன்னொன்று. மாதத்தை நான்கு வாரம் என்று நினைத்துக் காய்கறிக்கும் கறிக்கும் பணத்தைப் பங்கு போட்டால் 28-ஆம் தேதியோடு முடிந்துவிடும். மிச்சம் இரண்டு மூன்று நாளுக்குப் பணம் இருக்காது. ஐந்து கவராகப் பிரித்து வையுங்கள். ஐந்தாவது கவரில் மற்றதில் பாதி இருந்தால் போதும்.

ஒத்தக்கடை தம்பி | செப்டம்பர் 2, காலை 8:05

24,500 செய்முறையா? அக்கா, தப்பா நினைக்காதீங்க, அதை நிறுத்துனா பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு. ஊருக்காக எதுக்கு இவ்வளவு செய்யணும்? கடன் வாங்கி மொய் எழுதுறதுல எனக்கு உடன்பாடே இல்லை.

உசிலை மதினி | செப்டம்பர் 2, மதியம் 1:20

தம்பி, நீ கல்யாணம் ஆகாதவன்னு நினைக்கிறேன். நிறுத்துன்னு சொல்றது லேசு. எங்க பக்கம் செய்முறைங்கிறது தானம் இல்லை. இன்னைக்கு நான் செய்றது நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். என் பெரிய மக கல்யாணத்துல மண்டபம், சாப்பாட்டுக் காசு முழுசும் மொய்யிலதான் அடைபட்டுச்சு. வங்கியில கேட்டா எனக்கு யார் கொடுப்பா? சீரைப் பாதியில நிறுத்தினா பணம் மட்டும் போகாது. ஒரு சாவு வீட்டுக்குத் தோள் கொடுக்கவும் ஆள் வர மாட்டாங்க.

ஆனா கணக்கு இல்லாம செய்யக் கூடாது. நான் செய்றதைச் சொல்றேன் தையல் தங்கச்சி.

உங்க வீட்டு விசேஷத்தோட மொய் நோட்டு பீரோவுல இருக்கும், எடு. யார் யார் எவ்வளவு எழுதினாங்கன்னு இருக்கும். அதுல நீங்க ஏற்கெனவே திருப்பிச் செஞ்ச வீட்டுக்கெல்லாம் டிக் அடி. டிக் விழாத பேருதான் உங்க கடன். அந்தப் பேர்ல எந்த வீட்டுல வயசுக்கு வர்ற பொண்ணு இருக்கு, கல்யாண வயசுல பையன் இருக்கு, எந்த வீட்டுல கிரகப்பிரவேசம் நடக்கப் போகுதுன்னு உன் மாமியாருக்குத் தெரியும். அவங்களைக் கேளு. அடுத்த ஒரு வருசத்துக்கு எவ்வளவு வேணும்ங்கிறது பாதிக்கு மேல அதுலயே தெரிஞ்சுபோகும். பத்திரிகை வந்த பிறகு ஓடுறது வேற, வரப் போகுதுன்னு தெரிஞ்சு சேர்க்கிறது வேற.

500 எழுதின வீட்டுக்கு 1,000 திருப்பி எழுதினா அதுல 500 பழசு, 500 புதுசு. புதுசு போடுறது உன் விருப்பம். கை இறுக்கமா இருக்கிற வருசம் பழசை மட்டும் திருப்பு. யாரும் குறை சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் அது நியாயம் இல்லை.

அடுத்தது மாசம். ஆடியிலயும் மார்கழியிலயும் விசேஷம் கிடையாது. அந்த ரெண்டு மாசம்தான் சேர்க்கிற மாசம். ஆவணியும் தையும் வைகாசியும் எடுக்கிற மாசம். நிறைய பேரு ஆடித் தள்ளுபடின்னு விளக்குத்தூண் பக்கம் போயி சேர்க்க வேண்டிய காசைத் துணியில விட்டுட்டு வந்துடுறாங்க. ஆவணி பிறந்ததும் முழிக்கிறாங்க.

ஒத்தக்கடை தம்பி | செப்டம்பர் 2, மதியம் 2:02

மதினி, மொய் நோட்டை இப்படிப் பார்க்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன். ஆனா கடன் வாங்கிச் செய்றது மட்டும் வேணாம்னு இன்னமும் சொல்வேன்.

உசிலை மதினி | செப்டம்பர் 2, மதியம் 2:15

அதுல நானும் உன் பக்கம்தான் தம்பி.

திருநகர் டீச்சர் | செப்டம்பர் 2, இரவு 8:45

அந்த 3,233-க்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

கரண்ட் பில்லில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை சலுகை விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையே போய்விடும். கூடுதலாக எரித்த பத்து யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறுவதில்லை, கீழே உள்ள 100 யூனிட்டுக்கும் சேர்த்து ஏறுகிறது. 495-க்கும் 510-க்கும் இடையில் இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். கணக்கெடுக்கும் தேதி தெரியும் அல்லவா? அதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரை நீங்களே பாருங்கள். 460-இல் இருந்தால் அந்தப் பத்து நாள் மட்டும் கவனமாக இருந்தால் போதும். வருடம் முழுவதும் ஃபேனை அணைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

மளிகை 5,500 என்கிறீர்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். இதை முழுவதும் வாங்குகிறீர்களா? பருப்பு வேகவில்லை என்று விடுபவர்கள் உண்டு. இரவே ஊறவைத்தால் வேகும். அரிசியை வேண்டாம் என்று விடாமல் இட்லிக்கும் தோசைக்கும் போடுங்கள்.

காய்கறி வீட்டு வாசல் வண்டியில் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பழங்காநத்தம் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் அண்ணாநகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காய் சந்தைக் காய்தான். வாசலில் விலைப் பலகை இருக்கும், எடை ஏமாற்று கிடையாது. வாரம் இரண்டு நாள் காலையில் போனால் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

செல்லூர் தறி | செப்டம்பர் 3, இரவு 11:10

நாங்க தறி ஓட்டுற குடும்பம். சனிக்கிழமை கூலி. ஒரு வாரம் 4,500 வரும், பாவு (தறியில ஏத்துற நூல்) கிடைக்காத வாரம் 2,200தான் வரும். மாசச் சம்பளக் கணக்கு எங்களுக்கு ஒத்து வரலை.

நான் செஞ்சது இதுதான். போன ஒரு வருசத்துல ரொம்பக் குறைவா வந்த வாரம் எது? 2,200. வீட்டுச் செலவை அந்த 2,200-க்குள்ள அமைச்சேன். கூட வர்ற வாரம் மிச்சத்தை அப்படியே தனி டப்பாவுல போட்டேன். ஆறு மாசம் கஷ்டமா இருந்துச்சு. இப்ப டப்பாவுல நாலு வாரக் கூலி இருக்கு. பாவு இல்லாத வாரம் அதுல இருந்து எடுப்போம்.

அதுக்கு முன்னாடி நாள் தண்டல்காரர்ட்ட வாங்கிட்டு இருந்தேன். பத்தாயிரம்னு பேரு, கையில 8,500தான் தருவாங்க. தினம் நூறு ரூபாய், நூறு நாள். 1,500தானே வட்டின்னு நினைச்சேன். தினமும் அசலைத் திருப்பிக்கிட்டே வர்றோம், பாதி நாளுக்கு அப்புறம் கையில பாதி அசல்கூட இல்லை. கணக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போட்டுக் காட்டினார், வருசத்துக்கு நூறு வட்டிக்கு மேல போகுது. தமிழ்நாட்டுல 2003-லயே கந்துவட்டிக்கு எதிரா சட்டம் வந்துச்சு, ஆனா அவசரத்துக்கு நிக்கிறவனுக்கு அது ஞாபகம் வராது. கைமாத்து வாங்குற தங்கச்சி, சொந்தக்காரங்ககிட்ட வாங்குற வரைக்கும் சரி. அவங்க ஒரு மாசம் இல்லைன்னு சொன்னா தண்டல் வீட்டு வாசலுக்குத்தான் கால் போகும். அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க.

வீட்டுக்காரம்மாவுக்கு வர்ற மகளிர் உரிமைத் தொகை 1,000-ஐ நாங்க தொடுறதில்லை. தபால் ஆபீஸ் ஆர்.டி. அஞ்சு வருசம். இப்ப 6.7 வட்டி, முடியும்போது 71,000-க்கு மேல வரும். சின்ன மகன் காலேஜுக்கு அது.

உசிலை மதினி | செப்டம்பர் 4, காலை 7:30

செல்லூர் அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. நான் மகளிர் குழுவுல பதினேழு வருசமா இருக்கேன். களஞ்சியம்ங்கிற மகளிர் குழு இயக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா அழகர்கோவில் பக்கம் கூலி வேலை பார்த்துக்கிட்டே குழு ஆரம்பிச்சதும் இந்தக் கந்துவட்டியை எதிர்த்துத்தான். 2019-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. குழுவுல கடன் கிடைக்குதுங்கிறதைவிட, வாராவாரம் நாலு பேர் முன்னாடி சேமிப்பைக் கட்டியாகணுங்கிறதுதான் எனக்குப் பெருசு. வீட்டு டப்பாவுல இருந்து யாருக்கும் தெரியாம எடுத்துடலாம், குழுவுல எடுக்க முடியாது.

ஏலச்சீட்டு சேர்றதா இருந்தா பதிவு பண்ணினதான்னு கேட்டுட்டுச் சேருங்க. எங்க தெருவுல பதிவில்லாத தீபாவளிச் சீட்டு பிடிச்ச ஒருத்தங்க ஐப்பசிக்கு முந்தின வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எத்தனை வீட்டுல அந்த வருசம் எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறலை.

ஒத்தக்கடை தம்பி | செப்டம்பர் 4, காலை 9:00

கீழமாரட் வீதியில மொத்தமா மளிகை வாங்கினா இன்னும் குறையாதா?

திருநகர் டீச்சர் | செப்டம்பர் 4, இரவு 9:10

வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றல், புளி இதெல்லாம் குறையும். நான்கு பேர் சேர்ந்து மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்லது. எண்ணெய் வேண்டாம். பதினைந்து லிட்டர் டின் வாங்கிய வருடம் எங்கள் வீட்டில் பூரியும் வடையும் கூடிப்போயின. மாதம் மூன்று லிட்டர் போன இடத்தில் நாலரை லிட்டர் போனது. லிட்டருக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போயிற்று. இப்போது அளந்து ஊற்றி வைத்த தூக்குவாளியில் இருந்துதான் சமையல்.

புதூர் ஓய்வூதியர் | செப்டம்பர் 5, காலை 6:00

தங்கச்சி, இதுவரை வந்ததைக் கூட்டிப் பார்த்தேன். சந்தைக்கு மாறினால் காய்கறியில் 700 மிஞ்சும். ரேஷன் பருப்பும் எண்ணெயும் முழுமையாக வாங்கி, தெருக்கடையில் கடன் நோட்டு இல்லாமல் ரொக்கத்தில் வாங்கினால் 800. கரண்டில் மாதத்துக்கு 150. ஆக 1,650. குறைவது 3,233 என்றேன். இன்னும் 1,583 பாக்கி.

தாய்மாமன் சீர் 15,000 வருடாவருடம் வராது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் வருடச் செலவு 46,000, மாதம் 3,833. உங்களிடம் 1,850-ம் 1,650-ம் சேர்ந்து 3,500 இருக்கும். குறைவது 333 மட்டும். இருந்தாலும் சீர் மாதிரி பெரிய செலவு ஏதாவது ஒரு வடிவில் வரத்தான் செய்யும். ஆகவே ஒரு கேள்வி: பைக் தவணை எப்போது முடிகிறது?

தெருக்கடையில் உங்களுக்குக் கடன் நோட்டு இருந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கடைக்காரர் அவசரத்துக்கு உதவுபவராக இருக்கலாம். உறவை முறிக்க வேண்டாம். பாக்கியை அடைத்துவிட்டு அவரிடமே ரொக்கமாக வாங்குங்கள். ரொக்கம் எண்ணிக் கொடுக்கும்போதுதான் விலை கண்ணில் படும்.

ஜெய்ஹிந்துபுரம் தையல் | செப்டம்பர் 5, இரவு 10:20

தவணை ஜனவரியோட முடியுது ஐயா.

புதூர் ஓய்வூதியர் | செப்டம்பர் 6, காலை 5:55

அப்படியானால் பிப்ரவரி முதல் அந்த 2,650 இன்னும் தவணைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே தேதியில் உங்கள் வருடச் செலவுக் கணக்குக்கு அது தானாகவே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தவணை முடிந்த மாதம் புது மொபைல் வாங்கிய எத்தனையோ பேரை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். தவணைப் பணம் இல்லாமல் வாழ அந்தக் குடும்பங்கள் பழகியிருந்தன. முடிந்த முதல் மாதத்திலேயே பிடித்து வைக்காவிட்டால் மூன்றாவது மாதம் எங்கே போனது என்று தெரியாது.

ஜனவரி வரை இறுக்கம் இருக்கத்தான் செய்யும். புரட்டாசியில் கறி மீன் நிறுத்துவீர்களா?

ஜெய்ஹிந்துபுரம் தையல் | செப்டம்பர் 6, காலை 10:45

நிறுத்துவோம் ஐயா. அந்த மாசம் மிஞ்சுற 1,600 எங்கே போகுதுன்னு இத்தனை வருசம் நான் கேட்டதே இல்லை.

ஜெய்ஹிந்துபுரம் தையல் | நவம்பர் 28, இரவு 10:30

ரெண்டு மாசத்துக்கு மேலா எழுதலை, மன்னிச்சுக்கோங்க. நடந்ததைச் சொல்றேன்.

செப்டம்பர் சரியா வரலை. பையனுக்குக் காய்ச்சல், டெஸ்ட்டு மருந்துன்னு போயி மறுபடி 2,300 கைமாத்து. அன்னைக்கு ராத்திரி நோட்டைத் தூக்கிப் போட்டுடலாம்னு இருந்துச்சு. வீட்டுக்காரர்தான் போன மாசம் 4,800 வாங்கினோம், இந்த மாசம் 2,300தான்னு சொன்னார்.

அக்டோபர்ல கறி மீன் காசு அப்படியே நின்னுச்சு. கம்பெனியில தீபாவளி போனஸ் கொடுத்தாங்க. வழக்கமா அது பழைய கைமாத்தை அடைக்கவே சரியாப் போகும், தீபாவளிக்கு நகையை அடகு வைப்போம். இந்தத் தடவை அடைக்க வேண்டியது கொஞ்சம்தான், துணி பலகாரம் எல்லாம் போனஸ்லயே முடிஞ்சுச்சு. நகை வீட்டுலயே இருக்கு. செப்டம்பர் 22-ல இருந்து சோப்பு, பற்பசை, ஷாம்புக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 ஆனதுல மளிகையிலயும் கொஞ்சம் மிச்சம். கரண்ட் 486 யூனிட்டுல நின்னுச்சு. கடைசிப் பத்து நாள் பையன்தான் தினமும் மீட்டர் பார்த்துச் சொன்னான், டீச்சர்.

அஞ்சு கவர் ரொம்ப உதவியா இருக்கு. ஒரே ஒரு மாற்றம், நான் தைக்கிற காசு வர்ற நாள் நிச்சயமில்லைங்கிறதால அதைக் கவர்ல சேர்க்கிறதே இல்லை. செல்லூர் அண்ணன் சொன்ன மாதிரி அது நேரா டப்பாவுக்குப் போகுது, மாசக் கடைசியில எண்ணி வாடகைக்கும் வருடச் செலவுக்கும் எடுக்கிறோம்.

மதினி, மொய் நோட்டை எடுத்தோம். பையன் காதுகுத்து நோட்டு. 112 பேரு. 61 வீட்டுக்குத் திருப்பிச் செஞ்சாச்சு, 51 வீடு பாக்கி. மாமியார் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு ஒவ்வொரு பேரா கேட்டுக் கேட்டுச் சொன்னாங்க. தை மாசத்துக்கு ஒன்பது வீடு இருக்குமாம். பழசை மட்டும் திருப்பினா 6,500 ஆகும். செய்முறை டப்பாவுல இப்ப 4,900 இருக்கு.

உசிலை மதினி | நவம்பர் 29, காலை 7:05

கார்த்திகையில இன்னும் பாதி இருக்கு, அதுக்கப்புறம் மார்கழி முழுசும் விசேஷம் இல்லை. 1,600 தானே, வந்துடும். ஒன்பது வீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரே பேர்ல மொய் எழுதியிருக்காங்களான்னு மட்டும் மாமியாரை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லு தங்கச்சி. எங்க நோட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சு, ஒரு வீட்டை விட்டுட்டோம்.